ஃப்ரீசரை அணைப்பதற்கு முன்: தசைநோய்ப் பிரிவைக் கலைக்கும் ஆணை பற்றி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

பரம்பரைத் தசைநோய்ப் பிரிவை நடத்திவந்த நரம்பியல் பேராசிரியர் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே உங்கள் ஆணை வந்தது. அதில் நான்கு உத்தரவுகள். வியாழக்கிழமைத் தசைநோய் ஓ.பி., பொது நரம்பியல் ஓ.பி.யோடு சேர்க்கப்படும். தசைத்துண்டுகளைச் சீவிச் சாயமேற்றும் ஹிஸ்டோகெமிஸ்ட்ரி டெக்னீஷியன் ரத்த வங்கிக்கு மாற்றப்படுவார். குடும்பப் பதிவேடுகள் ரெக்கார்டு செக்‌ஷனுக்குப் போகும். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் கண்டம் செய்யப்பட்டு (பயனற்றது என்று ஒதுக்கப்பட்டு), உள்ளே இருப்பவை மருத்துவக் கழிவாக அகற்றப்படும். அறை மருந்துக் கிடங்காகும்.

அந்த ஃப்ரீசர் பழுதாகவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எழுதும் நாங்கள் அந்தப் பிரிவின் டெக்னீஷியன்கள், பிசியோதெரபிஸ்டுகள், மரபியல் ஆலோசகர்கள், வியாழக்கிழமைதோறும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர்கள். பிரிவு ஒரு தனிமனிதரின் ஆராய்ச்சி ஆர்வத்தால் நடந்தது, அவர் போனதும் தேவை முடிந்தது என்று ஆணையின் முன்னுரை சொல்கிறது. இதை நாங்கள் ஏற்கவில்லை. அவர் எழுதிய கட்டுரைகள் எங்கும் போய்விடாது, நூலகத்தில் இருக்கும். அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையில் நூலகத்துக்குப் போகாத பகுதி ஒன்று உண்டு: உறைந்த தசைத்துண்டுகள், வம்சாவளிப் படங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த அளவுகள், இதையெல்லாம் செய்யத் தெரிந்த கைகள். நான்கு வரியில் கலைக்கப்படுவது இதுதான்.

மஞ்சள் கழிவுப் பையில் போடச் சொல்லியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குகிறோம்.

தசை பயாப்சியில், அதாவது சோதனைக்குத் தசைத்துண்டு எடுப்பதில், எந்தத் தசையைத் தொடுவது என்பதே பாதி வேலை. முற்றிலும் தேய்ந்த தசையில் எடுத்தால் கொழுப்பும் நாரும்தான் வரும். நோய் தொடாத தசையில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. பலம் ஓரளவு குறைந்து, இன்னும் வேலை செய்கிற தசை வேண்டும். பெரும்பாலும் தொடையின் வெளிப்பக்கம் அல்லது மேற்கையின் பைசெப்ஸ். அண்மையில் தசையின் மின்துடிப்பை அளக்கும் ஈ.எம்.ஜி. ஊசி குத்திய இடம் கூடாது, அந்தக் காயமே நோய்போலத் தெரியும். எடுத்த துண்டை ஃபார்மலினில் போட்டால் என்சைம் சோதனைகள் அத்தனையும் பாழ். சலைனில் மிதக்க விட்டால் இழைகள் நீரை இழுத்துக்கொள்ளும். உறையும்போது உள்ளே பனிப்படிகம் உருவாகி, மைக்ராஸ்கோப்பில் சல்லடைபோல ஓட்டை ஓட்டையாகத் தெரியும். சலைனில் நனைத்து நன்றாகப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, மூடிய தட்டில் வைத்து, தட்டைப் பனிக்கட்டிமேல் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓட வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் புதிதாக வந்த நர்ஸ் பழக்கத்தில் ஃபார்மலின் பாட்டிலை நீட்டுவார். அதைத் தடுக்கவே எங்களில் ஒருவர் தியேட்டர் வாசலில் நிற்பது வழக்கம்.

ஆய்வகத்தில் கார்க் துண்டின்மேல் டிராககாந்த் பசை வைத்து, இழைகள் செங்குத்தாக நிற்கும்படி தசையை நட வேண்டும். அதை நேராகத் திரவ நைட்ரஜனில் முக்கக் கூடாது. சுற்றிலும் வாயுப் படலம் எழும்பிக் குளிரை உள்ளே விடாது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர்த்துளி பட்டும் படாமலும் உருண்டு ஓடுவதும் இதே காரணத்தால்தான். ஆகவே ஐசோபென்டேனை ஒரு சிறு உலோகக் குவளையில் ஊற்றி, குவளையைத் திரவ நைட்ரஜனுக்குள் தொங்கவிட்டு, அடியில் வெள்ளையாக உறையத் தொடங்கும்வரை காத்திருக்கிறோம். அப்போது வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 150இலிருந்து 160 வரை. அந்த நேரத்தில் கார்க்கை உள்ளே விட்டுச் சில விநாடி ஆட்ட வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பனிப்படிகம்தான். பிறகு உறைந்த திசுவைச் சீவும் கிரையோஸ்டாட் கருவியில் மைனஸ் 20 முதல் 25 டிகிரிக்குள் 8 முதல் 10 மைக்ரான் தடிமனில் சீவிச் சாயமேற்றுகிறோம். மிஞ்சிய துண்டு கார்க்கோடு மைனஸ் 80க்குப் போகிறது. அது ஒருமுறை உருகிவிட்டால் அதிலுள்ள ஆர்.என்.ஏ. (மரபணுச் செய்தியின் நகல்) சிதைந்துவிடும். திரும்ப உறைய வைத்துப் பயனில்லை.

‘இப்போதெல்லாம் ரத்தத்திலேயே எக்ஸோம் பார்த்துவிடுகிறார்கள், சதையைக் கட்டிக்கொண்டு எதற்கு அழ வேண்டும்?’ என்று குழுக் கூட்டத்தில் கேட்கப்பட்டதாக அறிகிறோம். எக்ஸோம் என்பது மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிக்கும் சோதனை. நியாயமான கேள்வி, பாதி உண்மையும்கூட. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் தசையைப் படிப்படியாகத் தேய்க்கும் டூஷென் தசைச்சிதைவு என்று சந்தேகம் வந்தால் இன்று முதலில் செய்வது பயாப்சி அல்ல. அதற்குக் காரணமான டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் 79 எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான துண்டுகள். மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளில் அவற்றில் ஒன்றோ பலவோ அடியோடு விடுபட்டிருக்கும், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இரட்டித்திருக்கும். எக்ஸான்களை எண்ணிப் பார்க்கும் எம்.எல்.பி.ஏ. சோதனை இவற்றைப் பிடித்துவிடும். அதில் வராவிட்டால் எழுத்துக்கு எழுத்து வரிசை பார்க்கிறோம். அதிலும் வராதவர்கள் உண்டு. எக்ஸான்களுக்கு நடுவே, நெடுந்தூரம் உள்ளே, ஓர் எழுத்து மாறி இல்லாத எக்ஸான் ஒன்றைப் புகுத்தியிருக்கும். ரத்தத்தில் எக்ஸோம் பார்க்கும் ஆய்வகம் அந்த இடத்தைப் படிப்பதே இல்லை. தசையில் உள்ள ஆர்.என்.ஏ.வைப் படித்தால்தான் தெரியும்.

2017இல் பெரில் கம்மிங்ஸ், டேனியல் மெக்ஆர்தர் குழுவினர், எல்லா மரபணுச் சோதனைக்குப் பிறகும் விடை கிடைக்காத 50 தசைநோயாளிகளின் தசை ஆர்.என்.ஏ.வைப் படித்தார்கள். அவர்களில் 35 சதவீதத்தினருக்கு நோய் இன்னதென்று தெரியவந்தது. ரத்தம் கைவிட்ட இடத்தில் பேசியது தசை.

எக்ஸோம் அறிக்கைகளில் ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ என்று ஒரு வரி வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பம் என்ன செய்யும்? இன்னொரு தசைநோய்க்குக் காரணமான டிஸ்ஃபெர்லின் மரபணுவில் அப்படியொரு மாற்றம் வந்தால், உறைந்த தசையில் டிஸ்ஃபெர்லின் புரதம் இருக்கிறதா என்று ஒரு பிற்பகலில் பார்த்துச் சொல்லிவிடலாம். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் ஒரு பெரிய துண்டு விடுபட்டு இமை தொங்கும் நோயில், பெரியவர்களுக்கு ரத்தம் சுத்தமாக இருக்கும், தசையில்தான் குறை தெரியும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம், எங்கள் வாதத்துக்கு எதிராகவே இருந்தாலும்: முகமும் தோளும் தேயும் எஃப்.எஸ்.எச்.டி. நோய்க்கும், இறுகிய தசை உடனே தளராத மயோடோனிக் டிஸ்ட்ரோஃபியின் முதல் வகைக்கும் தசை வேண்டியதில்லை. முதலாவதில் நான்காம் குரோமோசோமின் நுனியில் திரும்பத் திரும்ப வரும் பகுதி பத்து அலகோ அதற்குக் கீழோ சுருங்கியிருக்கும், இரண்டாவதில் சி.டி.ஜி. எழுத்துக்கூட்டு 50க்கு மேல் நீண்டிருக்கும். ஆனால் வழக்கமான எக்ஸோமில் இரண்டும் தெரியாது. தனிச் சோதனை கேட்க வேண்டும். அதைக் கேட்க, கண்ணை இறுக மூடச் சொல்லி இமைமுடி வெளியே தெரிகிறதா என்றும், கைகுலுக்கினால் விரல் உடனே விரிகிறதா என்றும் பார்த்த மருத்துவர் வேண்டும்.

ஃப்ரீசரில் உள்ள சில துண்டுகளுக்குச் சொந்தக்காரர்கள் இன்று உயிரோடு இல்லை. அண்ணன் டூஷெனில் போய்விட்டான். தங்கைக்கு இப்போது வரன் பார்க்கிறார்கள். அவள் கேட்பது ஒரே கேள்வி: எனக்கு அது இருக்கிறதா? அண்ணனின் குறை எக்ஸான் விடுபடலாக இருந்திருந்தால் அவள் ரத்தத்திலேயே பார்த்துவிடலாம். சிறிய மாற்றமாக இருந்திருந்தால், எதைத் தேடுவது என்று தெரியாமல் ‘இல்லை’ என்று உறுதி சொல்ல முடியாது. சேதமான தசையிலிருந்து ரத்தத்துக்குக் கசியும் சி.கே. என்சைமின் அளவு போதாது, நோயைச் சுமக்கும் பெண்களில் பலருக்கு அது சாதாரணமாகவே இருக்கும். அண்ணனின் மாற்றம் எது என்பதற்கு உலகில் மிஞ்சியுள்ள ஒரே சாட்சி, கார்க்கில் ஒட்டிய அந்தச் சுண்டுவிரல் நுனியளவுத் துண்டு.

கருத்தரித்த பிறகு தேடத் தொடங்கினால் நாள் போதாது. 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுத்திசு எடுத்துப் பார்க்க, குடும்பத்தின் மாற்றம் முன்பே கையில் இருக்க வேண்டும். கருவில் நோயறியும் சோதனைகளை ஒழுங்குபடுத்தும் 1994ஆம் ஆண்டு பி.என்.டி.டி. சட்டம் பாலினத்தோடு இணைந்த மரபு நோய்களுக்கு இந்தச் சோதனையை அனுமதிக்கிறது. சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவை நம் கண்டம் பட்டியல் மூடுகிறது.

ஒருவர் ஓய்வு பெற்றால் வேலை ஓய்வதில்லை என்பதற்கு இந்தத் துறையிலேயே பெரிய சான்று ஒன்று உண்டு. இருபது சொச்சம் வயதில் ஒருவர் வந்து, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றுவிடுகிறது என்பார். முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த வயதிலும் எங்காவது ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கக்கூடும். பழி அதன்மேல் விழுந்து, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதுவரை போவதுண்டு. நாற்காலியில் உட்காரவைத்து முழங்காலை நீட்டச் சொல்லி எதிர்த்து அழுத்திப் பாருங்கள். தொடையின் முன்பக்கத் தசை இரும்பாக நிற்கும். பின்தொடை தளர்ந்திருக்கும். இது ஜி.என்.இ. மயோபதி என்ற பரம்பரைத் தசைநோய். 1981இல் ஜப்பானில் இகுயா நோனாகாவும் கூட்டாளிகளும் தசை இழைக்குள் விளிம்பு கட்டிய குழிகளைக் கண்டு இதை விவரித்தார்கள். 1984இல் இஸ்ரேலில் சோஹர் அர்கோவ், தொடையின் முன்தசையை விட்டுவைக்கும் நோய் என்று தம் நோயாளிகளிடம் விவரித்தார். இரண்டும் வெவ்வேறு நோய்களாகவே பல ஆண்டுகள் ஏடுகளில் கிடந்தன. 2001இல் ஸ்டெல்லா மித்ரானி-ரோசன்பாமும் அர்கோவும் சேர்ந்த குழு ஜி.என்.இ. மரபணுவைக் கண்டுபிடித்தது, ஜப்பானிய நோயாளிகளிடமும் அதே மரபணுவில்தான் கோளாறு என்பது அடுத்துத் தெரிந்தது. இந்திய நோயாளிகளில் அடிக்கடி காணப்படுவது அதே மரபணுவில் 727ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் மெத்தியோனினாக மாறுவது. இந்த மரபணுவின் துணையோடு உடலில் உருவாகும் சியாலிக் அமிலத்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த சோதனை பன்னாட்டளவில் மூன்றாம் கட்டத்தில் தோற்றது. ஜப்பானில் விடாமல் தொடர்ந்து, 2024இல் அங்கு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது எவ்வளவு உதவும் என்பதில் எங்களுக்கும் எச்சரிக்கை உண்டு. இங்கே நாங்கள் சுட்டுவது தொடர்ச்சியை.

தோக்கியோ அருகே கோதைராவில் உள்ள தேசிய நரம்பியல், மனநல மையத்தின் தசைக் கிடங்கு 1978இலிருந்து நடக்கிறது. இன்று அங்கே 20,000க்கும் மேற்பட்ட தசை மாதிரிகள். நோனாகாவுக்குப் பின் இச்சிஸோ நிஷினோ பொறுப்பேற்றார். யாரும் ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கவில்லை. இதயத்தையும் தசையையும் தாக்கும் டானான் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. காரணமான லேம்ப்-2 புரதக் குறையை நிஷினோவும் நோனாகாவும் உள்ளிட்ட பன்னாட்டுக் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவர்கள் ஆராய்ந்த பத்து நோயாளிகளில் ஒருவர், 1981ஆம் ஆண்டின் அந்த முதல் அறிக்கையில் இருந்தவர். இடையில் 19 ஆண்டுகள். அவரை அந்தத் துறை தொலைத்திருக்கவில்லை.

பதிவேடுகளைப் பற்றி. ரெக்கார்டு செக்‌ஷனுக்குப் போனால் ஓ.பி. காகிதங்கள் மூன்று ஆண்டில் அழிக்கப்படும் என்பது நம் மருத்துவமனை வழக்கம். தசைநோய் மூன்று ஆண்டில் முடிவதில்லை, ஒரு தலைமுறையிலும் முடிவதில்லை. எங்கள் பதிவேட்டில் ‘மாமா’ என்ற சொல்லுக்கே இடமில்லை, காரணம் சொல்கிறோம். ‘மாமாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு’ என்று ஒரு தாய் சொன்னால் அவர் அம்மாவோடு பிறந்தவரா, அத்தையின் கணவரா, மாமனாரா? முதலாமவர் என்றால் எக்ஸ் குரோமோசோம் வழி வரும் டூஷென், அதன் மிதமான வடிவமான பெக்கர் பக்கம் சந்தேகம் திரும்பும். அத்தையின் கணவர் என்றால் ரத்தசம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். அக்காள் மகளைக் கட்டியவர் என்றால் ஒரே ஆள் இரண்டு வழியிலும் உறவு. அப்போது இருபக்கக் குறை சேர்ந்து வரும் ஒடுங்கு மரபு நோய்களை முதலில் நினைக்க வேண்டும். கம்ப்யூட்டர் படிவத்தில் ‘அங்கிள்’ என்று ஒரே கட்டம்தான் இருக்கிறது. வம்சாவளிப் படத்தில் ரத்த உறவுத் திருமணத்துக்கு இரட்டைக் கோடு போடுவோம். நம் ஊர்க் குடும்பங்களில் சில பக்கங்கள் ரயில்வே ஜங்ஷன்போல இருக்கும். அதை வரைய ஒன்றரை மணி நேரமும், வெற்றிலை மடித்தபடி எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் ஒரு பாட்டியும் வேண்டும். அந்தப் பாட்டிகளில் பலர் இப்போது இல்லை. இரண்டாம் முறை வரைய முடியாது.

அதே பதிவேட்டில்தான் அளவுகள் இருக்கின்றன. தரையில் மல்லாந்து படுத்திருக்கும் பையன் எழுந்து நிற்க எத்தனை விநாடி, பத்து மீட்டர் ஓட எத்தனை விநாடி, டூஷென் பிள்ளைகளின் இயக்கத்தை அளக்கும் நார்த் ஸ்டார் அளவுகோலின் 17 செயல்களில் 34க்கு எத்தனை மதிப்பெண். வெறுங்காலோடு, அதே பாயில், கூடியவரை அதே பிசியோதெரபிஸ்ட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எழுந்து நிற்கும் நேரம் ஏறிக்கொண்டே போனால் நடை நிற்கும் நாள் நெருங்குகிறது என்று குடும்பத்துக்கு முன்கூட்டிச் சொல்லிவிடலாம். வாசல்படிக்குச் சாய்தளம் கட்டவும், பள்ளியில் வகுப்பறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றவும் அவகாசம் கிடைக்கும். மருந்துச் சோதனைகள் முதலில் கேட்பதும் இந்த அளவுகளைத்தான். எக்ஸான் 51ஐத் தாண்டவைக்கும் மருந்து டூஷென் பையன்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினருக்கே பொருந்தும். 53க்கான மருந்து அதைவிடக் குறைவானவர்களுக்கு. யாருக்கு எது என்ற பட்டியல் அந்த நீல அட்டைப் பதிவேட்டில் கையால் எழுதப்பட்டிருக்கிறது.

பொது ஓ.பி.யோடு சேர்ப்பது வெறும் அட்டவணை மாற்றம் என்று தோன்றலாம். என்னென்ன தவறும் என்று, தவறியவற்றைப் பார்த்தே சொல்கிறோம்.

நான்கு வயதுப் பையனுக்குக் காய்ச்சலுக்காக ரத்தம் பார்க்கிறார்கள். ஈரலுக்காகப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்சைம்கள் இரண்டும் பல மடங்கு. ஈரல் என்று முடிவாகி, மாதக்கணக்கில் கீழாநெல்லியும் ஈரல் டானிக்கும் ஓடும். அந்த இரண்டு என்சைம்களும் தசையிலிருந்தும் வரும் என்பது யாருக்கும் நினைவுக்கு வராது. இன்னொரு ஈரல் என்சைமான ஜி.ஜி.டி. சாதாரணமாக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும், உடனே சி.கே. பார்த்தால் அது ஆயிரக்கணக்கில் நிற்கும். கெண்டைக்கால் பருத்திருப்பதைப் பார்த்து ‘பையன் கெட்டியா இருக்கான்’ என்று வீட்டில் மகிழ்ந்திருப்பார்கள். தரையில் உட்காரவைத்து எழச் சொன்னால், கையூன்றி, முழங்காலைப் பிடித்து, தன் தொடைமேலேயே ஏறி நிற்பான். கூட்டம் நெரியும் பொது ஓ.பி.யில் தரையில் உட்காரவைக்க இடம் எங்கே இருக்கிறது?

டூஷெனுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோன் கிலோவுக்கு நாளுக்கு 0.75 மி.கி. 20 கிலோவில் 15 மி.கி. தொடங்கிய பையன் 28 கிலோவானதும் அதே மாத்திரையில் தொடர்ந்தால் கிலோவுக்கு 0.54தான் போகிறது. ‘ரிபீட் ஆல்’ என்று எழுதித் தள்ளும் சீட்டில் இது தெரியாது. எதிர்ப்பக்க ஆபத்து இன்னும் பெரிது. முகம் உப்பிவிட்டது என்று வீட்டில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவார்கள். வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று கேஷுவாலிட்டிக்கு வருவான். அட்ரினல் சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கிறது, ஹைட்ரோகார்ட்டிசோன் ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும் என்று அங்கே யாருக்காவது தோன்ற வேண்டும்.

நடக்கிற பையன் விழுந்து தொடை எலும்பு முறிந்தால், ஆறு வாரம் மாவுக்கட்டு என்பது பிற குழந்தைகளுக்கு. இவனுக்கு அந்த ஆறு வாரமே நடையின் முடிவு. கட்டைப் பிரித்தபின் அவன் எழ மாட்டான். முடிந்தவரை உள்ளே தகடோ கம்பியோ பொருத்தி, சில நாளில் நிற்கவைக்க வேண்டும். அந்த அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் சக்ஸமெத்தோனியம் ஊசி போடவே கூடாது. தசை உடைந்து ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி இதயம் நின்றுவிடும். நீண்ட நேரம் வாயுமயக்க மருந்து கொடுப்பதும் வேண்டாம். ரத்தக்குழாய் வழி மயக்கமே பாதுகாப்பு.

பதினெட்டு வயதில் சளி, மூச்சுத்திணறல் என்று இரவில் வருபவருக்கு ஆக்சிஜன் மாஸ்க் போடுகிறார்கள். விரல்நுனிக் கருவியில் 98 காட்டுகிறது, எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அவருக்கு நுரையீரல் கெடவில்லை. மூச்சை இழுக்கும் தசைதான் களைத்துவிட்டது. கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகிறது, காலையில் எழுப்பினால் எழவில்லை. அங்கே வேண்டியது மாஸ்க் வழியே மூச்சைத் தள்ளும் பைபேப் கருவியும், இருமத் துணைசெய்யும் கையும், ஒரு ரத்தவாயுச் சோதனையும். நரம்பியல் பிரிவில் இதெல்லாம் யாருக்கும் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். தெரிந்தவர் அந்த நேரத்தில் அந்தச் சீட்டைப் பார்ப்பாரா என்பதுதான் பிரச்சினை. இதுவரை பார்த்தார், காரணம், வியாழக்கிழமை ஓ.பி.யில் பதிவான ஒவ்வொருவர் கையிலும் ஓர் எச்சரிக்கை அட்டை இருந்தது, அட்டையில் பிரிவின் எண் இருந்தது. ஆணை வந்த பிறகு அந்த எண்ணில் யாரும் எடுப்பதில்லை.

டெக்னீஷியனைப் பற்றிச் சுருக்கமாக. தசை இழை வகைகளைப் பிரித்துக் காட்டும் ஏ.டி.பி.ஏஸ் சாயத்தில் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 4.6இலிருந்து 0.1 பிசகினாலும் 2ஏ, 2பி இழைகளின் வேறுபாடு மங்கிவிடும். டிஸ்ட்ரோஃபின் புரதம் இருக்கிறதா என்று பார்க்க, அதன் வெவ்வேறு பகுதிகளில் ஒட்டும் டி.ஒய்.எஸ். 1, 2, 3 என்று மூன்று ஆன்டிபாடிகள் போட வேண்டும். செலவைக் குறைக்க ஒன்றோடு நிறுத்தினால், புரதத்தின் நடுப்பகுதி மட்டும் விடுபட்ட பெக்கர் நோயாளியை டூஷென் என்று எழுதிவிடுவோம். பக்கத்தில், இழையுறையிலுள்ள இன்னொரு புரதமான ஸ்பெக்ட்ரினுக்கும் சாயம் போடாவிட்டால், கெட்டுப்போன இழையுறையையும் டிஸ்ட்ரோஃபின் இல்லாமை என்றே படிக்க நேரும். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர் யாரும் இல்லை. ரத்த வங்கியில் அவர் செய்யப்போகும் வேலையும் மதிப்பான வேலையே. அதைச் செய்ய வேறு ஆள் கிடைப்பார். இதற்கு இந்த மருத்துவமனையில் அவர் ஒருவர்தான்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

ஃப்ரீசரைக் கண்டம் பட்டியலிலிருந்து எழுத்துமூலம் நீக்குங்கள். அறை கட்டாயம் வேண்டுமென்றால் ஃப்ரீசரை இடம் மாற்றலாம். ஆனால் முறை உண்டு. முதலில் ஒவ்வொரு அடுக்கு, பெட்டி, குப்பிக்கும் பட்டியல். ஒருவர் வாசிக்க, மற்றவர் குறிக்க வேண்டும். மைனஸ் 80இல் சாதாரண ஸ்டிக்கர் உதிர்ந்துவிடும், அதற்கான லேபிள்களை வாங்க வேண்டும். புது இடத்தில் ஃப்ரீசரை இரண்டு நாள் முன்பே ஓடவிட்டு வெப்பநிலை நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதிரிகளை ட்ரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) நிரப்பிய தெர்மோகோல் பெட்டியில் மாற்ற வேண்டும். ஒரு நாளில் பெட்டிக்கு ஏறத்தாழ 2 முதல் 5 கிலோ ஆவியாகும், ஆகவே பெட்டியைக் காற்றுப்புகாமல் ஒட்டக் கூடாது, வெடிக்கும். ஜன்னல் திறக்காத அறையில் இதைச் செய்யக் கூடாது. எல்லா மாதிரியையும் இரண்டாகப் பிரித்து, பாதியை வேறு கட்டடத்தில், வேறு மின் இணைப்பில் வைக்க வேண்டும். வெப்பநிலை அலாரம் இரவுப் பணியில் இருப்பவரின் கைப்பேசிக்குப் போக வேண்டும்.

மாதிரி எதையும் குடும்பத்தின் ஒப்புதலின்றி அழிக்காதீர்கள். கையெழுத்துப் போட்டது அவர்கள், ஆராய்ச்சிக்காக. அழிக்கவோ வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கவோ நினைத்தால் நெறிமுறைக் குழுவின் முன் வைத்து, குடும்பங்களுக்குத் தமிழில் கடிதம் அனுப்பி, பதிலுக்கு மூன்று மாதம் காத்திருங்கள்.

வியாழக்கிழமை ஓ.பி.யைத் தனியாகவே நடத்துங்கள். வாரம் ஒருமுறை முடியாவிட்டால் மாதம் இருமுறை. ஆனால் பிசியோதெரபி, இதய எக்கோ, மூச்சுத்திறன் சோதனை, மரபியல் ஆலோசனை நான்கும் அதே நாளில், கீழ்த்தளத்தில். சக்கர நாற்காலியோடு இரண்டு பஸ் மாறி வருபவரை நான்கு நாள் அலையவிடாதீர்கள். எச்சரிக்கை அட்டையின் எண்ணுக்கு 24 மணி நேரமும் பொறுப்பான ஒருவரை நியமியுங்கள்.

குடும்பப் பதிவேடுகளுக்கு மூன்றாண்டு அழிப்பு விதியிலிருந்து விலக்கு அளித்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, மூலத்தைப் பிரிவிலேயே வையுங்கள். டெக்னீஷியனின் மாற்றலை ரத்து செய்து, அவரிடம் குறைந்தது ஓராண்டு பயிற்சி பெற இருவரை நியமியுங்கள். காலியான பேராசிரியர் இடத்தைத் தசைநோயில் பயிற்சி உள்ள நரம்பியல் மருத்துவரைக் கொண்டே நிரப்புங்கள். அதுவரை ஓய்வு பெற்றவரை வாரம் ஒரு நாள் கௌரவ ஆலோசகராக அழையுங்கள், அவர் சம்மதித்திருக்கிறார்.

இவை ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று எழுத்துமூலப் பதிலை 15 நாளுக்குள் எதிர்பார்க்கிறோம். ஒன்றுக்கு மட்டும் 15 நாள் தாங்காது. அறையின் ஜெனரேட்டர் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எலக்ட்ரிகல் செக்‌ஷனுக்கு அனுப்பிய குறிப்பு நடைமுறைக்கு வந்தால், அடுத்த நீண்ட மின்தடையே மேற்சொன்ன கோரிக்கைகளில் பாதியை அர்த்தமற்றதாக்கிவிடும். அந்தக் குறிப்பை இன்றே திரும்பப் பெறுங்கள்.

இப்படிக்கு,
பரம்பரைத் தசைநோய்ப் பிரிவின் ஊழியர்களும்
நோயாளிகளின் குடும்பத்தினரும்